ஒரு களம், ஒரு கயிறு

சிறு வயதில் எங்கள் ஊருக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது சைக்கிள்காரர் வருவார். கோயமுத்தூர் ஜில்லாவின் மேற்கு ஓரம். வேலந்தாவளத்தில் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளம். அறுவடை முடிந்து களம் காலியானதும் நடுவில் ஒரு மூங்கிலை நட்டு, உச்சியில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டி, நாலு பக்கமும் முளையடித்துச் சுற்றிலும் கயிறு இழுப்பார்கள். சாயங்காலம் ஒருவர் வந்து தரையைத் தொட்டுக் கும்பிட்டு சைக்கிளில் ஏறுவார். ஏழு நாள் இறங்க மாட்டார்.

சாப்பாடு சைக்கிளில். குளியல் சைக்கிளில். ஓட்டிக்கொண்டே சோப்பு நுரை தடவி முகச்சவரம் செய்துகொள்வார். சட்டை மாற்றுவார். தரையில் கிடக்கும் ஒரு ரூபாய் நோட்டை வாயால் கவ்வி எடுப்பார். ஹேண்டில்பாரின் மேல் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து ஓட்டுவார். முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு முழு வட்டம் வருவார். ராத்திரியில் ரிக்கார்டு டான்ஸ், நெஞ்சில் ட்யூப்லைட் உடைப்பது, மண்ணுக்குள் ஒருவரைப் புதைத்து வைப்பது என்று உபரி நிகழ்ச்சிகள். கடைசி நாள் ஊரார் கொடுத்த வாழைத்தார், பூசணி, சேவல் எல்லாம் ஏலத்துக்கு வரும். அவர் சட்டையில் ரூபாய் நோட்டுகளைக் குண்டூசியால் குத்துவார்கள்.

தமிழ்நாட்டுப் பக்கம் இதற்குப் பெரிய பெயர் எதுவும் கிடையாது. 'சைக்கிள் சுத்தறாங்க' என்போம். எல்லைக்கு அந்தப் பக்கம் இதே ஆளுக்கு, இதே வித்தைக்கு 'சைக்கிள் யக்ஞம்' என்று பெயர். மலையாளிகள் இதை வேள்விக்கணக்கில் சேர்த்துவிட்டார்கள். 1991-இல் கமல் (நம்ம கமல் இல்லை, மலையாள இயக்குநர்) எடுத்த 'விஷ்ணுலோகம்' படத்தில் மோகன்லால் இந்த மாதிரி ஊர் ஊராகப் போகும் வித்தைக் கூட்டத்து ஆளாகத்தான் வருவார்.

அந்த வயதில் எங்களுக்கு ஒரே ஒரு சந்தேகம். ஊர் தூங்கியபின் சைக்கிள்காரர் இறங்குவாரா, மாட்டாரா? கண்டுபிடித்தே தீருவதென்று நானும் இன்னொருவனும் ஒரு ராத்திரி வைக்கோற்போரின் மறைவில் உட்கார்ந்தோம். பத்தரை மணி வரை அவர் சுற்றிக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. கண் விழித்தபோது விடிந்திருந்தது. அவர் சுற்றிக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் திடீரென்று ஞாபகம் வந்ததற்குக் காரணம், சமீபத்தில் ஒரு கல்யாணத்துக்காகக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போனது. பாலக்காடு ஜில்லாவின் கிழக்குக் கோடி. சித்தூர் தாலுகாவின் இந்தப் பகுதியில் கடைப்பலகை மலையாளத்தில் இருக்கும், கடைக்குள்ளே பேச்சு தமிழில் நடக்கும். புதிதாகத் தார் போட்ட சாலையில் மூன்று பையன்கள். பதினாலு, பதினைந்து வயது. சின்னச் சக்கரம், தடித்த டயர், மட்கார்டும் கேரியரும் இல்லாத சைக்கிள்கள். ஒருவன் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நடுரோட்டில் வந்தான். எதிரே இளநீர் லாரி. டிரைவர் பிரேக்கை அழுத்தி, கண்ணாடியை இறக்கி, இரண்டு மொழியிலும் திட்டிவிட்டுப் போனார்.

பையன்களிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"எங்கே கத்துக்கிட்டீங்க?"

"யூடியூப்லீங்க சார்."

"போட்டி ஏதாவது நடக்குமா?"

"போட்டியெல்லாம் இல்லீங்க. ஞாயித்துக்கிழமை கூடுவோம். சித்தூர்ல இருந்து ரெண்டு பேர் வருவாங்க. பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒருத்தன் வருவான். அவன்தான் எங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுக்கறது."

"இதை ரோட்டிலேயா செய்யணும்?"

"வேற எங்கீங்க சார் போறது? ஸ்கூல் கிரவுண்டுல வாட்ச்மேன் விட மாட்டார். இன்னொரு எடத்துல கிரிக்கெட் ஆடறவங்க, பிச் கெட்டுப்போகும்னு தொரத்தறாங்க."

அப்புறம் எனக்காக ஒரு வித்தை செய்து காட்டினான். ஹேண்டில்பாரின் மேல் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து ஓட்டினான். அதற்கு ஓர் ஆங்கிலப் பெயர் சொன்னான். இதை நான் உன் வயதில் பார்த்திருக்கிறேன் என்றேன். அவன் நம்பவில்லை.

பையன்கள் வைத்திருந்த சைக்கிளின் வம்சத்துக்கு பி.எம்.எக்ஸ். என்று பெயர். பைசைக்கிள் மோட்டோகிராஸ் என்பதன் சுருக்கம். அமெரிக்காவில் ஷ்வின் கம்பெனி 1963-இல் 'ஸ்டிங்ரே' என்றொரு சிறுவர் சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இருபது அங்குலச் சக்கரம், உயரமான ஹேண்டில்பார். கலிபோர்னியாப் பையன்கள் இதை எடுத்துக்கொண்டு, பெரியவர்கள் மண்மேட்டில் மோட்டார் சைக்கிள் பந்தயம் விடுவதுபோலத் தாங்களும் மேடு பள்ளத்தில் பாய்ந்தார்கள். 1970 நவம்பரில் லாங் பீச் நகரத்தின் ஒரு காலிமனையில் ஸ்காட் பிரைட்ஹாப்ட் என்ற பதின்மூன்று வயதுப் பையன் ஆளுக்கு 25 சென்ட் வசூலித்து ஒரு பந்தயம் நடத்தினான். ஜெயித்தவர்களுக்குக் கொடுக்கக் கோப்பை வாங்கக் காசில்லை. தான் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் வாங்கியிருந்த கோப்பைகளையே எடுத்துக் கொடுத்தான்.

அடுத்த வருஷம் 'ஆன் எனி சன்டே' என்ற ஆவணப்படத்தின் தொடக்கத்தில் இந்த மாதிரிப் பையன்களைக் காட்டினார்கள். அமெரிக்கா முழுவதும் பற்றிக்கொண்டது. 1982-இல் ஸ்பீல்பெர்கின் 'இ.டி.' படத்தில் பையன்கள் போலீஸை ஏமாற்றிப் பறந்தது ஜப்பானின் குவஹாரா கம்பெனி செய்த பி.எம்.எக்ஸ். சைக்கிள்களில். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பந்தயமாக நுழைந்தது. எட்டு பேர் ஒரே நேரத்தில் மேட்டிலிருந்து இறங்கி, முன்னூறு நானூறு மீட்டர் மண்மேடுகளைத் தாண்டி அரை நிமிஷத்துக்குச் சற்று மேலே முடித்துவிடுவார்கள். வித்தை காட்டும் 'ஃப்ரீஸ்டைல்' பிரிவு, டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021-இல் சேர்ந்தது. அறுபது வினாடி தருவார்கள். முடிந்ததைச் செய்துவிட்டுப் போக வேண்டியது. 2008-லிருந்து 2024 வரை ஐந்து ஒலிம்பிக்குகள் ஆகிவிட்டன. ஓர் இந்தியர்கூட இந்தப் பாதையில் இறங்கவில்லை.

நமக்கு வித்தை தெரியாமல் இல்லை. கருவியைப் பார்த்தால் நம் ஆட்கள் செய்தது கூடுதல் கஷ்டம் என்றே சொல்லவேண்டும். பி.எம்.எக்ஸ். வண்டி பத்துப் பன்னிரண்டு கிலோ. சக்கரம் சின்னது என்பதால் சட்டென்று திருப்பலாம், தூக்கலாம். ஹேண்டில்பாரை எத்தனை சுற்று சுற்றினாலும் பிரேக் ஒயர் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க ஒரு கருவியை 1980-களின் நடுவிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பின்னோக்கி உருளும்போது பெடல் சுற்றாமல் சும்மா நிற்கிற பின்சக்கர அமைப்பும் உண்டு. நம் சைக்கிள்காரர் ஓட்டியதோ இருபத்தெட்டு அங்குலச் சக்கரமும் கம்பி பிரேக்கும் கொண்ட கறுப்பு சைக்கிள். சுமார் இருபது கிலோ. பால்கேனுக்கும் நெல் மூட்டைக்கும் செய்த வண்டி. அதன் முன்சக்கரத்தைத் தூக்கி வட்டமடிக்க இடுப்பில் எவ்வளவு பலம் வேண்டும் என்பது முயன்று விழுந்தவர்களுக்குத் தெரியும். நான் விழுந்திருக்கிறேன்.

பக்கத்திலேயே பள்ளிக்கூடமும் இருந்தது. கீலேரி குஞ்ஞிக்கண்ணன் தலசேரியில் சர்க்கஸ் பயிற்சி தொடங்கி நூறு வருஷத்துக்கு மேலாகிறது. இந்தியாவின் பெரிய சர்க்கஸ்களில் பாதி அந்த ஊரின் வாரிசுகள். சர்க்கஸ் சைக்கிளில் ஃப்ரீவீல் இருக்காது. பெடலைப் பின்பக்கம் மிதித்தால் வண்டி பின்னால் போகும். யக்ஞக்காரர்களுக்கு அந்த வசதியும் இல்லை. சர்க்கஸ் கூடாரத்துக்கு வெளியே, கீற்றுக்கொட்டகைகூட இல்லாத மைதானத்தில், வாடகைக் கடைச் சைக்கிளில் அதே வித்தையைச் செய்து பார்த்தவர்கள் அவர்கள். டி.வி. வந்தபின் ஊர்களில் கூட்டம் குறைந்தது, அவர்களும் குறைந்தார்கள். யார், எந்த ஊர், எத்தனை நாள் ஓட்டினார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கொழிஞ்சாம்பாறைப் பையன் நான் சொன்னதை நம்பாததில் ஆச்சரியமில்லை.

ஆனால் பழைய வித்தைக்காரரிடம் இருந்து இந்தப் பையன்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. அந்தக் கயிறு.

கயிற்றுக்கு உள்ளே சைக்கிள்காரர், வெளியே ஊர். மாட்டுவண்டி உள்ளே வராது, குழந்தை ஓடி வந்து சக்கரத்தில் விழாது. அவர் விழுந்தால் தூக்க நாலு பேர் இருந்தார்கள். நன்றாகச் செய்தால் கைதட்ட நானூறு பேர். பையன்களுக்கு இன்று கூட்டம் என்பது கைபேசியின் கேமராதான். ஒருவன் ஓட்ட, ஒருவன் படம் பிடிக்க, முகம் தெரியாத ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். லாரிக்கு எதிரே செய்தால் இன்னும் அதிகம் பேர் பார்க்கிறார்கள். இந்தக் கூட்டத்தால் யாரையும் தூக்கிவிட முடியாது.

ஞாயிற்றுக்கிழமைக் கூடலை நான் குறைத்துச் சொல்லவில்லை. பையன்கள் விவரித்ததைக் கேட்டால் அதற்கும் ஒழுங்கு இருக்கிறது. முறை வைத்துத்தான் ஓட்டுகிறார்கள். ஒருவன் ஒரு வித்தையைப் பத்துத் தடவை தவறவிட்டுப் பதினோராவது தடவை செய்துவிட்டால் எல்லோரும் கத்துகிறார்கள். புதியவனுக்கு சைக்கிள் இரவல் தருகிறார்கள். கட்டணம் இல்லை, நடுவர் இல்லை, தோற்றவன் இல்லை. உலகம் முழுவதும் பி.எம்.எக்ஸ். வளர்ந்தது இப்படிப்பட்ட கூடல்களில்தான். போட்டி பின்னால் வந்தது.

பின்னே போட்டி எதற்கு? ஒரு தேதியும் ஓர் இடமும் உண்டாவதற்கு. ஹெல்மெட் இல்லாமல் உள்ளே வராதே என்று சொல்ல ஒரு ஆள் இருப்பதற்கு. எல்லாவற்றையும்விட, அப்பா அம்மா வந்து பார்ப்பதற்கு. பையன் ரோட்டில் என்ன செய்கிறான் என்பது பக்கத்து வீட்டுக்காரர் புகார் சொல்லித்தான் பெற்றோருக்குத் தெரிகிறது. மைதானத்தில் அதையே செய்து பத்துப்பேர் கைதட்டினால் அவர்கள் கண்ணுக்கு அது வேறு மாதிரித் தெரியும்.

இடம் கிடைத்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு டோக்கியோவிலேயே உதாரணங்கள் உண்டு. ஃப்ரீஸ்டைலில் தங்கம் வாங்கிய ஆஸ்திரேலியாவின் லோகன் மார்ட்டின், கொரோனா காலத்தில் பயிற்சிக்கூடங்கள் பூட்டப்பட்டபோது தன் வீட்டுக் கொல்லையிலேயே களம் அமைத்துக்கொண்டவர். பந்தயத்தில் தங்கம் வாங்கிய பிரிட்டனின் பெத்தனி ஷ்ரீவர், நாட்டின் விளையாட்டு அமைப்பு பெண்கள் பி.எம்.எக்ஸுக்கு நிதியை நிறுத்தியபோது, பகுதி நேர வேலை பார்த்துக்கொண்டே பொதுமக்களிடம் நன்கொடை திரட்டியவர். பெண்கள் ஃப்ரீஸ்டைலில் ஜெயித்த ஷார்லட் வொர்த்திங்டன் அதற்குமுன் உணவகத்தில் சமையல் வேலை பார்த்தவர். முதல் வாய்ப்பில் அந்தரத்தில் பின்கரணமும் முழுச்சுற்றும் சேர்ந்த வித்தையில் விழுந்தார். இரண்டாவது வாய்ப்பில் அதையே திரும்பச் செய்து தங்கம் வாங்கினார்.

பெண்கள் என்றதும் கவனித்தேன்: கொழிஞ்சாம்பாறைச் சாலையில் ஒரு பெண் குழந்தையும் இல்லை. எங்கள் காலத்துச் சைக்கிள்காரர்களிலும் நான் பெண்ணைப் பார்த்ததில்லை. ரோட்டுக்கு அனுப்ப எந்த அம்மாவும் சம்மதிக்க மாட்டார். மைதானம் என்றால் சம்மதிக்கலாம். புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக் கொடுத்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். மாமல்லபுரத்தில் கமலி என்ற சிறுமி பலகையில் சறுக்கியதை வைத்து 2019-இல் ஓர் ஆவணப்படமே வந்தது.

எல்லைப்புறத்தைப் பற்றி இன்னொரு விஷயம். கேரளம் என்றால் மழை. மண்ணால் கட்டிய பாதை ஜூனில் கரைந்துபோகும் என்று யாரும் சொல்வார்கள். ஆனால் மாநிலத்திலேயே மழை குறைந்த இடங்கள் இரண்டுமே தமிழ்நாட்டு எல்லையில்தான் இருக்கின்றன. ஒன்று வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை என்று நீளும் சித்தூரின் கிழக்குப் பகுதி. குடிதண்ணீருக்கே தவிக்கும் ஊர்கள். இன்னொன்று இடுக்கியில் மறையூருக்குக் கீழே சின்னாறு. மூணாற்றில் கொட்டுகிற மழை நாற்பது கிலோமீட்டர் தள்ளி மறையூருக்கு வருவதற்குள் வற்றிவிடுகிறது. சின்னாற்றில் வருஷத்துக்கு சுமார் 500 மில்லிமீட்டர்தான். விவசாயிக்கு இது சாபம். மண்பாதை போட நினைக்கிறவனுக்கு இதைவிட வசதியான இடம் கேரளத்தில் கிடையாது. (சின்னாறு வனவிலங்கு சரணாலயம், அங்கே யானைகளுக்கு முன்னுரிமை. நான் சொல்வது மறையூர்ப் பக்கத்து ஊர்களை.)

பிரச்னை காற்று. பாலக்காட்டுக் கணவாய் சுமார் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலைத்தொடரில் விழுந்த இடைவெளி. தென்மேற்குப் பருவத்தில் மேல்காற்று இதன் வழியேதான் கோயமுத்தூர்ப் பக்கம் பாய்கிறது. மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து திருப்பி அடிக்கிறது. கஞ்சிக்கோட்டில் காற்றாலை நிற்பது சும்மா இல்லை. இடுக்கி ஓரத்தில் ராமக்கல்மேட்டிலும் அப்படித்தான். அந்தரத்தில் இருக்கும் பையனைப் பக்கவாட்டுக் காற்று தள்ளினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே சீசன் என்று பார்த்தால் ஏப்ரல், மே. அதிர்ஷ்டவசமாகக் கேரளத்தில் பள்ளி விடுமுறையும் அப்போதுதான்.

சங்கமும் சான்றிதழும் இல்லாமல் போட்டி நடத்துவது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. கொய்த வயலில் ஏழுபேர் ஆடும் 'செவன்ஸ்' கால்பந்தை எந்தச் சம்மேளனம் கேட்டுத் தொடங்கினார்கள்? இன்று ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்டக்காரர்கள் வந்து ஆடுகிறார்கள். பாலக்காட்டுச் சேற்று வயலில் காளைப்பூட்டு. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ரேக்ளா. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் லயத்து வீடுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள், பெரும்பாலும் நம் தமிழர்கள், 1940-களில் தொடங்கிய ஃபின்லே ஷீல்டுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பந்து உதைக்கிறார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் கட்சி கட்டி ஆடும் அந்த மைதானத்தின் ஓரத்தில், ஆட்டமில்லாத நாளில், பையன்களுக்கு ஒரு மண்மேடு கிடைத்தால் என்ன குறைந்துவிடும்?

பெரிய செலவு எதுவும் இல்லை. ஒரு ஜே.சி.பி. ஒரு நாள் வேலை செய்தால் ஐந்தாறு மேடுகளும் இரண்டு வளைவுகளும் உருவாகிவிடும். தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்கும் வேலையைப் பையன்களே செய்வார்கள்; தாங்கள் கட்டிய மேட்டை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கேரள விளையாட்டுத் துறை 'ஒரு பஞ்சாயத்து, ஒரு களிக்களம்' என்று திட்டம் அறிவித்திருக்கிறது. அதில் கால்பந்துக் கோலுக்குப் பின்னால் ஒரு மூலையை சைக்கிளுக்கு ஒதுக்கலாம். தமிழ்நாட்டுப் பஞ்சாயத்துகளும் செய்யலாம். ஞாயிற்றுக்கிழமைப் பையன்கள் சோதனைச் சாவடியைப் பார்ப்பதில்லை.

கை ஒடிந்தால் யார் பொறுப்பு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இப்போது ரோட்டில் ஒடிந்தால் யார் பொறுப்பு? இந்த ஆட்டத்தில் விழாமல் இருக்க முடியாது. விழுவதைக் கற்றுக்கொள்ளலாம். கையை நீட்டி ஊன்றாமல் உருள்வது, சைக்கிளை விட்டு விலகுவது, தலைக்கவசம் போடுவது. செம்மண்ணில் விழுந்தால் முட்டி தேயும். தார் ரோட்டில் லாரிக்கு முன்னால் விழுந்தால் தேய்வதோடு நிற்காது.

லாங் பீச்சில் பந்தயம் நடத்திய அந்தப் பையன் பிற்பாடு பி.எம்.எக்ஸின் தந்தை என்று பெயர் வாங்கினார். கம்பெனி தொடங்கினார், தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் தயாரித்தார். போதைப் பழக்கம் எல்லாவற்றையும் கொண்டுபோனது. 2015 ஜூலையில் கலிபோர்னியாவின் இண்டியோ நகரில், ஒரு காலிமனையில் போட்டிருந்த கூடாரத்தில் இறந்து கிடந்தார். 57 வயது. அவர் ஆரம்பித்து வைத்த ஆட்டம் அப்போது இரண்டு ஒலிம்பிக்குகளைப் பார்த்திருந்தது. அவர் பெயராவது எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் ஊர்ச் சைக்கிள்காரரின் பெயர் எனக்குக்கூட ஞாபகமில்லை. ஒலிபெருக்கியில் ஒவ்வொரு நாளும் சொன்னார்கள்.

ஏழாம் நாள் சாயங்காலம் அவர் இறங்கியது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. சைக்கிளை நிறுத்தியதும் கால் தரையில் நிற்கவில்லை. இரண்டு பேர் தோள் கொடுத்துத் தாங்கிக்கொண்டு போய்க் கட்டிலில் உட்காரவைத்தார்கள். அப்போதுதான் பையன்களான எங்களைக் கயிற்றுக்கு உள்ளே விட்டார்கள். ஆளுக்கொரு வாடகைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு, இருட்டும்வரை அந்தக் களத்தில் சுற்றினோம். விழுந்தோம். யாரும் திட்டவில்லை.

கொழிஞ்சாம்பாறைப் பையன்களுக்கு வேண்டியதும் அதுதான். ஒரு களம், சுற்றிலும் ஒரு கயிறு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பெரியவர்கள் நாலு பேர்.